டோக்கன் மேசையில் ஒரு முனைவர்

இளவேனிலுக்கும் டாக்டர் பீமராவுக்கும் முதல் சண்டை ஒரு பேட்ஜைப் பற்றித்தான் வந்தது.

தில்லை நகரில் பீமராவ் நடத்திவந்த எலும்பு மூட்டு கிளினிக்கில், டோக்கன் கொடுக்கும் வேலைக்கு அவள் சேர்ந்த முதல் நாள் அது. பேட்ஜில் என்ன பெயர் போடுவது என்று நர்ஸ் ஜென்சி கேட்டாள். "டாக்டர் இளவேனில்" என்றாள் இவள். ஜென்சி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. விஷயம் டாக்டரின் அறைக்குப் போனது.

"என்னம்மா இது? டோக்கன் குடுக்குறவங்க டாக்டர்னு போட்டுக்கிட்டா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"நான் கணக்குல டாக்டர் பட்டம் வாங்கியிருக்கேன் சார். யுனிவர்சிட்டி குடுத்தது. நானா வச்சுக்கிட்டது இல்ல."

"யாரு இல்லேன்னா? ஆனா முட்டி வலின்னு வர்றவங்க நேரா உங்ககிட்ட வந்து காலை நீட்டிருவாங்களே?"

"நீட்டினா டோக்கன் குடுத்து உக்காரச் சொல்றேன்."

பீமராவ் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "சரி, தமிழ்ல போட்டுக்குங்க. முனைவர்னு. ஒருத்தருக்கும் புரியாது, பிரச்சினை வராது" என்றார்.

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. ஒருவருக்கும் புரியவில்லை. நர்ஸுக்கு மேலே, டாக்டருக்குக் கீழே ஏதோ ஒரு பதவி என்று சிலர் நினைத்தார்கள். அதுதான் அவள் பெயர் என்று பலர் நினைத்தார்கள். "முனைவரக்கா, கொஞ்சம் ஃபேனைப் போடுங்க" என்று உரிமையோடு கேட்டார்கள்.

இளவேனில் முசிறிப் பக்கம் வாழை போடும் குடும்பத்தில் பிறந்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான், முனைவர் பட்டம் வாங்கிய கடைசி ஆளும் அவளாகத்தான் இருக்கும் என்று அவள் தம்பி சொல்வான். அவள் ஆராய்ச்சி செய்தது வரிசைகளைப் பற்றிய கணிதத்தில். ஓரிடத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். உள்ளே ஒருவர் அவர்களை ஒவ்வொருவராகக் கவனித்து அனுப்புகிறார். வரிசை எவ்வளவு நீளும், ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதையெல்லாம் சமன்பாடுகளால் சொல்லும் துறை அது. அவளுடைய கட்டுரை ஒன்றை போலந்தில் யாரோ படித்துவிட்டுப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

பட்டம் வாங்கியபின் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் எல்லோரும் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட, கணக்குத் துறையையே அங்கே மூடிவிட்டார்கள். மற்ற கல்லூரிகள் "கூப்பிடுகிறோம்" என்று சொல்லிவிட்டுக் கூப்பிடவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வெல்டராக இருந்த அவள் கணவன் முருகானந்தம்தான் ஒரு நாள், "வீட்டுல உக்காந்து எங்கம்மாவோட சீரியல் பார்த்து, வில்லி எப்ப திருந்துவான்னு நீ கணக்குப் போட ஆரம்பிச்சுட்ட. எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி இந்த வேலையைப் பற்றிச் சொன்னான். வேறு நல்ல வேலை கிடைக்கும்வரை என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

"சமையலைப் பத்தி புஸ்தகம் எழுதினவளைக் கூப்பிட்டு பந்தியில எலை எடுக்கச் சொன்ன மாதிரி இருக்கு" என்று ஜென்சியிடம் சொன்னாள். ஜென்சிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "எங்க தெரு கல்யாண மண்டபத்துல எலை எடுக்கறவங்களுக்கு நல்ல கிராக்கி மேடம்" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில், கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் ரெங்கம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தது இதுதான்: "தில்லை நகர்ல பீமராவ்னு பெரிய எலும்பு டாக்டரு. அவரு கிளினிக்லதான் நம்ம இளவேனில் இருக்கா. அவளும் டாக்டர்தானே." தனித்தனியாக எடுத்தால் இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இளவேனில் அதைத் திருத்தவும் இல்லை. ஒரு தெருவிலாவது மரியாதை இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

வேலையில் அவள் மகா மோசமாக இருந்தாள். சோம்பேறி என்று சொல்ல முடியாது, சரியான நேரத்துக்கு வருவாள். ஆனால் மேசையில் உட்கார்ந்ததும் தலை குனிந்துவிடும். செல்போனில் யாரோ எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துக்கொண்டே, வலது கையால் டோக்கனை நீட்டுவாள். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி எண்ணைக் கூப்பிடுவாள். யார் எழுந்து போகிறார்கள் என்று பார்ப்பதில்லை. மேசை மேல் இருக்கிற கையெல்லாம் அவளுக்கு ஒரே கைதான். இதற்குப் போய் முழு மூளையையும் கொடுப்பதா என்று அவளுக்கு இருந்தது. அதனால் கொஞ்சமும் கொடுக்கவில்லை.

அப்போதுதான் மருதை வந்தார்.

மருதை காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் மொத்த வியாபாரி. வலி அவருக்கு இல்லை, அவர் மனைவி மணிமேகலைக்கு. காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறதாம். டோக்கனை வாங்கிக் கணவன் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் தண்ணீர் குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து எண் வந்தது.

"இவ வந்துரட்டும்…" என்று மருதை ஆரம்பித்தார்.

"உள்ள போங்க" என்றாள் இளவேனில், நிமிராமலே.

மருதை மார்க்கெட்டில் நின்று கத்தினால் தஞ்சாவூர் ரோடு வரைக்கும் கேட்கும். ஆனால் டாக்டர், வக்கீல், ஸ்கூல் டீச்சர் இந்த மூன்று பேர் முன்னால் அவருக்குக் குரல் வராது. உள்ளே போனார். பீமராவ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "குதிகாலா?" என்றார். "ஆமாங்க, குதிகால்தான்…" "எந்தக் கால்?" "வலதுங்க, ஆனா…" "மேல ஏறிப் படுங்க. எக்ஸ்ரே எடுத்துருவோம்."

எக்ஸ்ரே எடுக்கும் குத்புதீன் அவர் காலை நேராக்கி, திருப்பி, படம் எடுத்தார். ஜென்சி, வலிக்கு இதமாக வெதுவெதுப்பாய் உருக்கிய மெழுகில் அந்தக் காலை முக்கி எடுத்து, துண்டைச் சுற்றி உட்காரவைத்தாள். மணிமேகலை ஹாலெல்லாம் தேடிவிட்டுத் திரையை விலக்கிப் பார்த்தபோது, கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க இங்க?"

"டாக்டர் சொன்னாரு" என்றார் மருதை. "நல்லா சொகமாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு அந்த அம்மாள் பேசியது, தில்லை நகரின் எத்தனையோ குறுக்குத் தெருக்களுக்குக் கேட்டிருக்கும். "வலி எனக்கு, வைத்தியம் இந்த மனுஷனுக்கா? பில்லு மட்டும் எம்பேர்லயா?" ஹாலில் இருந்தவர்கள் வலியை மறந்து சிரித்தார்கள். ஒரு வழியாக மணிமேகலையின் காலையும் பார்த்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பியபின், பீமராவ் இளவேனிலைக் கூப்பிட்டார்.

"நீங்க ஆளைப் பாக்கல!" என்று மேசையைத் தட்டினார்.

"நீங்க காலைப் பாக்கல சார்" என்றாள் இளவேனில்.

வாசலில் நின்ற குத்புதீனுக்கு எக்ஸ்ரே அறையில் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. ஜென்சி பஞ்சு எடுக்கப் போனவள் திரும்பி வரவேயில்லை. பீமராவின் முகம் சிவந்து, பிறகு மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது.

"நான் என்ன படிச்சேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார், வேறு குரலில். "கை. கையில இருக்கிற நரம்பு, ரத்தக் குழாய். துண்டாப் போன விரலைத் திரும்ப ஒட்ட வைக்கிறது. தலைமுடியை விட மெல்லிசான நூல்ல, மைக்ராஸ்கோப்ல பார்த்துத் தைக்கிறது. அதுக்குன்னே சென்னையில தனியாப் படிச்சு, அப்புறம் லண்டன் போய்ப் பழகிட்டு வந்தேன். இங்க போர்டு மாட்டி உக்காந்தா எனக்கு வர்றது பூரா குதிகாலு. காலையில குதிகாலு, சாயங்காலம் குதிகாலு."

"எனக்கு வர்றது பூரா டோக்கன் சார்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான் சார்."

கடைசியில் அவர், "இந்த மாசம் முடியட்டும். அதுக்குள்ள சரியாகலேன்னா நீங்க வேற எடம் பார்த்துக்குங்க" என்றார். தனக்கு வேறு இடம் இல்லாத வருத்தம் அதில் தெரிந்தது.

இந்தப் பேச்சினால் இளவேனில் திருந்திவிட்டாள் என்று நினைக்கக் கூடாது. மறுநாளும் தலை குனிந்துதான் இருந்தாள். அவளை நிமிரவைத்தது லால்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாள்.

"முனைவரக்கா, என் நம்பர் எப்ப வரும்? போய்ட்டு ஒரு ஜூஸ் குடிச்சுட்டு வரலாமா?"

எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு ஆகும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, "தாராளமா. முக்கால் மணி நேரம் ஆகும்" என்றாள் இளவேனில். அந்த அம்மாள் ஜூஸ் கடை வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் எண் தாண்டிப் போய்விட்டது. அடுத்து எப்போது என்று கேட்டார். இவள் "இதோ, இப்பவே" என்றாள். அது இரண்டு மணி நேரம் இழுத்தது. லால்குடி அம்மாள் போகும்போது பேட்ஜை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "பேருதான் பெருசா இருக்கு. நேரம் சொல்லத் தெரியல, பாவம்" என்றார்.

பாவம்! இளவேனிலுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. போலந்தில் பாராட்டு வாங்கியவள் லால்குடியில் பாவமாகிவிட்டாள். முருகானந்தத்திடம், "என் சூத்திரம் தப்பா இருக்க முடியாதுங்க. தப்பு அந்த ஹால்ல இருக்கு. என்னன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றாள்.

"ரெண்டு நாள் முன்னாடி வேலைய விடுறேன்னு சொன்ன?"

"விடுறேன். ஆனா தோத்துட்டு விடமாட்டேன்."

மறுநாள் செல்போனை மேசை டிராயருக்குள் போட்டாள். தலையை நிமிர்த்தி ஹாலைப் பார்த்தாள். அவளுடைய ஆராய்ச்சியில் வரிசைக்கு வருகிற ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்துதான் பெயர். அந்த எழுத்து தனியாக வரும், பேசாமல் நிற்கும், முறை வந்ததும் உள்ளே போகும். இங்கே ஒரு டோக்கனுக்கு மாமியார், மருமகள், மாமியாரின் தங்கை என்று மூன்று பேர் போனார்கள், மூவருக்கும் முட்டி. ஒருவர் தன் டோக்கனை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தார். இன்னொருவர் வரிசையில் இருந்தபடியே பக்கத்து வங்கிக்குப் போய் அங்கேயும் ஒரு டோக்கன் வாங்கி வந்தார். உள்ளே இருக்கிறவரோ, குதிகால் என்றால் ஒரு நிமிஷத்தில் அனுப்பினார். யாராவது "கை மரத்துப் போவுது" என்றால் லண்டனில் ஆரம்பித்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இளவேனில் ஒரு நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரிசை இது.

அவசரப்பட்டு முதலில் ஒரு திட்டம் போட்டாள். சின்ன வேலையாக வந்தவர்கள் முன்னால் போகட்டும். சும்மா எக்ஸ்ரேயைக் காட்ட, மாத்திரை தொடரலாமா என்று கேட்க வந்தவர்களை முதலில் அனுப்பினால் மொத்தக் காத்திருப்பு குறையும். கணிதப்படி அப்பழுக்கில்லாத திட்டம். இரண்டே நாளில் திருச்சியில் பெரிய வியாதியே இல்லாமல் போயிற்று. வந்தவர்கள் அத்தனை பேரும், "ஒண்ணுமில்ல முனைவரக்கா, சும்மா ஒரு சந்தேகம்" என்றார்கள். ஒருவர் கைத்தடியை ஆட்டோவிலேயே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தபடி சிரித்த முகமாக வந்தார். இன்னொருவர் மாவுக்கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"என்னம்மா, எல்லாரும் சந்தேகம்னு உள்ள வந்து உடம்பு பூரா காட்டுறாங்க?" என்று பீமராவ் அலறினார்.

"ஒரு வாரம் குடுங்க சார்" என்றாள் இளவேனில். அவள் கெஞ்சிக் கேட்டு அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொடுத்தார்.

இரண்டாவது திட்டத்தில் அவள் யாரையும் எதையும் கேட்கவில்லை. முதல்முறை வருகிறவருக்கு இவ்வளவு, திரும்ப வருகிறவருக்கு இவ்வளவு, துணைக்கு வந்து தன் முட்டியையும் காட்டும் உறவினருக்கு இவ்வளவு என்று தானே பார்த்துப் பார்த்துப் பிடித்து வைத்திருந்த நேரத்தைக் கொண்டு, டோக்கன் கேட்டுப் பதிந்திருந்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள். "நீங்க இப்ப மண்ணச்சநல்லூர்ல பஸ் ஏறினா சரியா இருக்கும்." "காவிரிப் பாலத்துல இன்னிக்கு வண்டி நகரல, நீங்க கொஞ்சம் முந்தியே கிளம்பிடுங்க." பீமராவுக்கும் ஒரு விதி போட்டாள். அவர் பேச்சில் லண்டனுக்குப் போய் ரொம்ப நேரமானால் இவள் கதவை ஒரு தட்டுத் தட்டுவாள். முதல் தடவை தட்டியபோது அவர் கோபப்பட்டார். நான்கு நாள் கழித்துத் தட்டுவதற்கு முன்னாலேயே ஊர் திரும்பினார்.

ஹால் காலியாயிற்று. வந்தவர்கள் உட்கார்ந்து விசிறிக் காற்று முகத்தில் படுவதற்குள் உள்ளே கூப்பிடப்பட்டார்கள். லால்குடி அம்மாள் மறுபடி வந்தபோது, இளவேனில் போனில் சொன்ன நேரத்துக்கே எண் வந்தது. அந்த அம்மாள் பேட்ஜை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். இளவேனிலுக்கு அது போலந்தை விடப் பெரிதாக இருந்தது.

காலை வேலை மதியத்துக்கு முன்பே முடிந்து, பீமராவ் கை கால் நீட்டி உட்கார்ந்தார். "வாழ்க்கையில இப்பதான் சூடா சாப்பிடுறேன்" என்றார். எல்லாம் சுபமாக முடிந்த மாதிரி இருந்தது. ஒரு மாதம் இருந்தது.

பிறகு புது நோயாளிகள் வருவது குறைந்தது. முதலில் மழை என்றார்கள், பிறகு ஆடி மாதம் என்றார்கள். ஒரு நாள் குத்புதீன் வெளியிலிருந்து வந்து விஷயத்தைச் சொன்னார். வாசலில் ஒரு ஆட்டோ நின்றதாம். அதிலிருந்த அம்மாள் இறங்கப் போக, டிரைவர் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துவிட்டு, "இங்க எறங்காதீங்கம்மா. பாருங்க, ஒரு ஆள் இல்ல. ஈ ஓட்டுறாரு. கைராசி போயிடுச்சு போல. எதுத்தாப்ல போங்க, நிக்க எடமில்ல, நல்ல டாக்டர்" என்று வண்டியைத் திருப்பிவிட்டாராம். எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு எலும்பு கிளினிக் வந்திருந்தது. அங்கே கூட்டம் படியில் வழிந்து ரோட்டில் நின்றது.

பீமராவ் இளவேனிலின் மேசைக்கே வந்துவிட்டார்.

"எனக்குக் கூட்டம் வேணும்."

"சார், கூட்டத்தைக் குறைக்கிறதுக்குத்தான் உலகம் பூரா ஆராய்ச்சி பண்றாங்க. சேர்க்கிறதுக்கு ஒருத்தரும் பண்ணல."

"அப்ப நீங்க பண்ணுங்க. நீங்கதானே முனைவர்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை. அன்று முழுவதும் அவள் யோசித்தாள். வலியோடு வந்தவர்களைச் சும்மா உட்காரவைப்பது பாவம். அதை அவள் செய்ய மாட்டாள். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஹால் நிறைந்திருக்க வேண்டும். காத்திருக்காத கூட்டம். அப்படி ஒன்று எங்கே இருக்கிறது?

விடை மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியது. ரெங்கம்மாளும் அவர் தெருத் தோழிகளும். மருமகள் டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கடைசியில் தெரு கணக்குக் கேட்டுவிட்டது. "ஒங்க மருமகக்கிட்டயே காட்டிருவோமே" என்று தோழிகள் கிளம்பிவிட, ரெங்கம்மாளால் தடுக்க முடியவில்லை. வழியெல்லாம் "அவ இன்னிக்கு லீவா இருப்பா", "அவ பெரிய கேஸ் மட்டுந்தான் பார்ப்பா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். பலிக்கவில்லை.

தோழிகளில் மூத்தவர் நேராக டோக்கன் மேசைக்கு வந்தார். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கி முட்டியைக் காட்டினார்.

"பாரும்மா. மாடிப்படி ஏறினா டக் டக்குங்குது."

பின்னால் நின்ற ரெங்கம்மாள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இளவேனில் மாமியாரைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள். கடைசியில் எழுந்து நின்றாள்.

"அத்தை சொன்னது நிஜந்தான். நான் டாக்டர்தான். ஆனா முட்டி பாக்குற டாக்டர் இல்லம்மா. வரிசை பாக்குற டாக்டர். கூட்டத்துல யாரு எப்ப வரணும், எவ்வளவு நேரம் நிக்கணும்னு கணக்குப் பார்த்து ஒழுங்கு பண்றது. அதுலதான் பட்டம் வாங்கியிருக்கேன்."

மூத்தவர் புடவையை முட்டிக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அதுக்கெல்லாம்கூட டாக்டர் படிப்பு இருக்கா?" என்றார் முட்டிக்காரர்.

"இருக்கு."

"இருக்கணும்டி. வைகுண்ட ஏகாதசிக்கு நம்ம கோயில்ல நிக்கிறமே, அதைப் பார்க்க டாக்டர் இல்லாம எப்படி?" என்றார் இன்னொரு தோழி. எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ரெங்கம்மாள் எலும்புக்கூட்டை விட்டுத் திரும்பி, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார், எப்போது என்ன சொன்னார் என்று சொல்லாமல்.

முட்டிகளைப் பீமராவ் பார்த்து முடித்தார். ஆனால் தோழிகள் கிளம்பவில்லை. வெயில் தாழட்டும் என்று கண்ணாடிக் கதவுப் பக்கம் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து, யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்று பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் பேச்சில், பார்த்து முடித்துவிட்டுப் போகவேண்டிய ஒரு தாத்தாவும் கலந்துகொண்டார். இளவேனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருக்காத கூட்டம். வேலை முடிந்தபின்னும் வீட்டுக்குப் போக மனமில்லாத கூட்டம்.

அன்று மாலையே டி.வி.யையும் தண்ணீர் மெஷினையும் நல்ல நாற்காலிகளையும் உள்ளிருந்து கண்ணாடிப் பக்கம் மாற்றினாள். குத்புதீன் ஒரு காபி மெஷின் வைக்கச் சொன்னார், அதையும் வைத்தாள். வைத்தியம் முடிந்தவர்கள் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசிவிட்டுப் போகலாம். தினம் உடற்பயிற்சி சிகிச்சைக்கு வருகிறவர்கள் அங்கேயே டேரா போட்டார்கள். மருதை மார்க்கெட் முடிந்து வந்து, மனைவி உள்ளே மெழுகில் கால் வைத்திருக்கும்போது இங்கே அரசியல் பேசினார். ஒரு தடவை உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஹால் பிதுங்கியது. உள்ளே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதே ஆட்டோ டிரைவர் அடுத்த வாரமே ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, "கூட்டம் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க. கைராசிக்காரரு" என்றார்.

இளவேனில் இதையெல்லாம் கட்டுரையாக எழுதத் தொடங்கினாள். ஒரு கல்லூரியிலிருந்து காலை நேர வகுப்புக்குக் கூப்பிட்டார்கள், போய்ச் சேர்ந்தாள். காலை டோக்கனை அவள் போட்டுத் தந்த நேரப்படி ஜென்சி பார்த்துக்கொண்டாள்; சாயங்காலம் கிளினிக்கை இவள் விடவில்லை. "வேற வேலை கிடைச்சா விட்டுருவேன்னு சொன்ன?" என்று முருகானந்தம் கேட்டான். "அங்க பசங்க வரிசையா உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். இங்கதான் வரிசை இருக்கு" என்றாள்.

பீமராவுக்குத்தான் காலை வேலை சீக்கிரம் முடிந்து, மதியமெல்லாம் சும்மா கிடந்தது. அவருக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் பழைய நண்பர்களிடம் பேசினார். கை அறுவைக்கு ஆள் இல்லாமல் அவர்கள் மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அங்கிருந்து அவருக்குப் போன் வந்தது. துவாக்குடியில் தகடு வெட்டும் மெஷினில் ஒரு தொழிலாளிக்கு இரண்டு விரல் துண்டாகிவிட்டது. அவர் போனார். சாயங்காலமாகியும் வரவில்லை. முன்னரே சொல்லி வரவழைத்தவர்கள் எல்லோரும் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். உள்ளே நாற்காலி தீர்ந்தது. கண்ணாடிப் பக்கமும் தீர்ந்தது. ஜென்சி மேசைக்கு ஓடி வந்தாள். "மேடம், ஏதாவது சொல்லி அனுப்பிருவோமா? டிராஃபிக்னு சொல்லவா?"

இளவேனில் எழுந்து நடுவில் வந்து நின்றாள். "டாக்டர் ஒருத்தரோட விரலைத் தைச்சுக்கிட்டு இருக்காரு. அறுந்து போன விரல். எப்ப முடியும்னு எனக்குத் தெரியாது. போகணும்னு நெனைக்கிறவங்க போகலாம், நாளைக்கு உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

வரிசையை விட்டுப் பாதியில் போகிறவர்களைப் பற்றி அவள் ஆராய்ச்சியில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. எப்போது போவார்கள், எத்தனை பேர் போவார்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதன்படி இந்நேரம் ஹாலில் பாதி காலியாகியிருக்க வேண்டும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "எந்த விரல்?" என்றார் ஒருவர். "வலது கையா?" என்றார் இன்னொருவர். "கல்யாணம் ஆனவரா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். இளவேனில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள். வலது கை. ஆனவர்தான். பெண் குழந்தை ஒன்று.

இருட்டி வெகு நேரமானபின் பீமராவ் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்தவர் அவ்வளவு கூட்டத்தையும் பார்த்துத் திகைத்து நின்றார். திட்டப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வெரல் ஒட்டிக்கிச்சா டாக்டர்?" என்றார் முதல் நாற்காலியில் இருந்தவர்.

"ரத்தம் ஓடுது" என்றார் பீமராவ். "நகம் சிவப்பா இருக்கு. அசைய நாளாகும். ஆனா ரத்தம் ஓடுது."

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். ஜென்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி எடுக்கப் போனாள். பீமராவ் முகம் கழுவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். இளவேனில் எண்ணைக் கூப்பிட்டாள். குதிகால் வலியோடு வந்திருந்த ஒரு ஆசிரியை உள்ளே போனார்.

கதவு சரியாக மூடவில்லை. பீமராவ் தரையில் குனிந்து, அந்தக் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்க, எங்க வலிக்குது, காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. இளவேனில் கதவைத் தட்டவில்லை.